ஒரு சொம்புச் சூடு

இன்னும் ஒருவர் உள்ளே வந்தால் காளான்கள் கழுத்தை நீட்டிவிடும். இப்போதே நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஜன்னலோர வரிசை குடை விரிப்பதையே மறந்து வெறும் தண்டாக வளரத் தொடங்கிவிட்டது. போதும். இன்றைக்கு இதற்கு மேல் யாரும் வேண்டாம்.

வினோதினி இப்படி நினைத்துக்கொண்டே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மனசு ஒன்று சொல்ல, கை இன்னொன்று செய்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. சமீப காலமாகக் கையின் பேச்சையே கேட்டுக்கொண்டு இருந்தாள்.

வாசலில் மூன்றாம் மாடி தேவசகாயம் நின்றிருந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு கையிலும் இரண்டு சொம்புத் தண்ணீர். அவருக்குப் பின்னால் நடைபாதை முழுக்க வேலூரின் மே மாத வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா, ஹவுஸ்புல்லா?"

"பேசறது அப்புறம். முதல்ல உள்ள வந்து கதவைச் சாத்துங்க. சூடு பூந்துடும்."

"ரெண்டு சொம்பு கொண்டாந்திருக்கேன் பாரு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் தொப்பைக்கு."

உள்ளே ஈர மணலில் கால் புதைத்துச் சுவரில் சாய்ந்திருந்த அதே கட்டிடத்துப் பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க அங்கிள். சிரிச்சா சூடு ஏறும்னு அக்கா திட்டும்."

"ரெண்டு உசுரு உக்காந்துக்கினு ஒரு சொம்பு ஊத்தறே நீ. உன்னைக் கேக்க ஆளில்ல. என் தொப்பையக் கேக்கறாங்க."

"இது ஏழு மாசம் அங்கிள். உங்களுது எத்தனை மாசம்?"

தேவசகாயம் பெருமையாகத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு, கோயிலுக்குள் நுழைகிறவர் போல முகத்தை அடக்கிக்கொண்டு ஜன்னலருகே போனார். ஜன்னலை மறைத்துத் தொங்கிய கோணிச்சாக்கின் மேல் விளிம்பில் ஒரு சொம்புத் தண்ணீரை மெல்லச் சாய்த்தார். சாக்கு கறுத்து இறங்கியது. வெளிக்காற்று ஈரத்தின் வழியாகத் தன் சூட்டை விட்டுவிட்டு உள்ளே வந்தது. சுவர்க் கருவி இருபத்தைந்து டிகிரி என்று காட்டியது. வெளியே நாற்பத்தாறு.

மனிதர்களுக்குக் குளிர்பதனம் கிடையாது என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கோடையில் கரண்ட் எல்லோருக்கும் போதவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகள் காப்பகத்துக்கும் போக மிச்சமிருக்கும் குளிர் உணவு வளர்க்கும் அறைகளுக்கு மட்டும்தான். துவரையும் உளுந்தும் வெயிலில் கருகிப்போன பிறகு ஊருக்குக் காளான்தான் பருப்பு. அதனால் வீட்டில் காளான் வளர்க்கிறவர்களுக்கு ஒரே ஓர் அறைக்குக் குளிர்க் கரண்ட். அந்த அறையில் வளர்ப்பவர் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது.

ஷூ கம்பெனி வேலை போனபோது வினோதினி அந்த அனுமதியை வாங்கினாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக இருப்பது அவளாகத் தேர்ந்தெடுத்தது. யாரும் நுழையக் கூடாத ஓர் அறை, அதுவும் குளிர்ந்த அறை, அதில் பேசாத உயிர்கள். சட்டமே தனக்காக எழுதியது போலிருந்தது அவளுக்கு.

வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, காளான் பேசாவிட்டாலும் விடாமல் கேட்கும் என்று. சூடு கொஞ்சம் ஏறினால் மொட்டுகள் மஞ்சளாகிச் சுருங்கும். ஈரம் குறைந்தால் குடையின் ஓரம் வெடிக்கும். ஜன்னலை மூடினால் மூச்சுக் காற்று தேங்கித் தண்டு நீளும். திறந்தால் அனல். அரசாங்கம் கொடுத்த குளிர் பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் சாக்கை நனைத்தும் மணலில் தண்ணீர் தெளித்தும் விடிகிற நேரத்துக் காற்றை உள்ளே பிடித்து வைத்தும் அவளேதான் செய்ய வேண்டியிருந்தது. முதல் கோடை முழுக்க அவள் ஒரு சினிமா பார்க்கவில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. கேட்டிருந்த தனிமை முழுசாகக் கிடைத்தது. கையில் எப்போதும் ஒரு சொம்பு இருந்தது.

இரண்டாம் கோடையில் ஒருநாள் தேவசகாயம் மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அவரை எங்கே கொண்டு போவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் காளான் அறையைத் திறந்துவிட்டாள். அன்று தெளிந்து எழுந்து போனவர் மறுநாள் மத்தியானம் தானாகவே வந்து கதவைத் தட்டினார்.

"ஒரு ஆள் உக்காந்தா எவ்வளவு சூடு தெரியுமா? அந்தக் காலத்து குண்டு பல்பு ஒண்ணு எரியற மாதிரி" என்றாள் வினோதினி, கதவை முழுக்கத் திறக்காமல். "அந்தச் சூட்டை எடுக்க ஒரு சொம்புத் தண்ணி ஆவியாகணும். உங்க சூட்டுக்கு நீங்களே தண்ணி கொண்டாந்தா வாங்க."

எரிச்சலில் சொன்ன கணக்கு அது. மூன்றாம் மாடியிலிருந்து தண்ணீரைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள் என்றுதான் நினைத்தாள். தேவசகாயம் போய்க் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பர்வீன் கொண்டுவந்தாள். கட்டிடத்தில் இன்னும் சிலர் கொண்டுவந்தார்கள். உள்ளே வந்ததும் தன் சூட்டுக்கு ஊற்றுவது, பிறகு உட்கார்வது, போகும்போது அடுத்தவருக்காகச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு தடவை தேவசகாயம் சிக்கனம் என்று அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றப் போய், சாக்கில் பச்சைப் பூசணம் பிடித்து, அது ஒரு வரிசைக் காளான் படுகைகளையே தின்றுவிட்டது. அதற்கு அவர் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வினோதினி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வைக்கோல் அடைத்த உருளைப் படுகைகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் ஓட்டையிலும் சிப்பிச் சிப்பியாகக் காளான்கள் கிளம்பியிருந்தன. பர்வீன் கண்ணை மூடியிருந்தாள். தேவசகாயத்தின் மூச்சு ஒரே சீராக வந்தது. இந்த மூச்சுச் சத்தம் தனக்கு எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று யோசித்தாள். நாள் சொல்ல முடியவில்லை. ஒரு படுகை முழுக்கக் காளானின் வெள்ளை இழை ஓடியிருப்பதை ஒருநாள் காலையில் பார்க்கிறோம். அது எந்த நேரத்தில் ஓடியது என்று யாரால் சொல்ல முடியும்? இவர்கள் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. அவளும் கேட்பதில்லை. ஆனாலும் அவர்கள் இல்லாத மத்தியானங்களில் அறை ஏதோ பெரிதாகிவிட்டது போல இருக்கிறது.

கதவு மறுபடி தட்டப்பட்டது. தெரிந்த தட்டல் இல்லை. முட்டியால் தட்டாமல் எதையோ வைத்துத் தட்டிய சத்தம்.

"குளிர்ப் பங்கீட்டு ஆபீஸ்லேர்ந்து வர்றேன். வினோதினிங்கறது?"

பர்வீன் கண்ணைத் திறந்தாள். தேவசகாயம் மிச்சமிருந்த சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். இருவரும் கடைசி வரிசைப் படுகைகளுக்குப் பின்னால், அங்கே தொங்கிய இன்னொரு சாக்கை ஒட்டிப் போய் நின்றார்கள். தேவசகாயத்தைப் படுகைகளால் முழுசாக மறைக்க முடியவில்லை. வினோதினி ஒரு படுகையை இழுத்து அவருடைய தொப்பைக்கு முன்னால் தள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

வந்தவள் இளம்பெண். வியர்வை காய்ந்து காய்ந்து சட்டையின் தோளில் உப்புக்கோடு போட்டிருந்தது. ஆதிரை என்று பெயர் சொன்னாள். உள்ளே காலை வைத்ததும் பேச வந்ததை மறந்து ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அவள் தோள்கள் தாமாகவே இறங்கின. வினோதினி அதைப் பார்த்தாள். முதல்முறை வருகிற எல்லோருக்கும் அப்படித்தான்.

"பயப்படாதீங்க. நல்ல விஷயமாத்தான் வந்திருக்கேன்" என்றாள் ஆதிரை. "இந்த ஊர்ல இருக்கற காளான் வீடுகள்லயே ரொம்பக் கம்மியாக் கரண்ட் எடுக்கறது உங்க அறைதான். மத்தவங்க எடுக்கறதுல மூணுல ரெண்டு பங்கு கூட இல்லை. ஆனா டெம்பரேச்சர் ஒரு நாள் கூட தப்பலை. கருவி கெட்டுப்போச்சோன்னு முதல்ல நினைச்சோம்."

"கருவி நல்லாத்தான் இருக்கு."

"அப்போ எப்படி?"

"சாக்கு நனைப்போம். மணல்ல தெளிப்போம்."

"அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கே. யாராலும் முடியலை. மத்தியானத்துல விட்டுடறாங்க. ஒரு ஆள் எவ்வளவுதான் தண்ணி தூக்க முடியும்?" பேசிக்கொண்டே அவள் படுகைகளுக்கு நடுவே நடந்தாள். ஜன்னலோர வரிசைக்கு வந்ததும் நின்றாள். ஒரு காளானின் தண்டை விரலால் தொட்டாள். அளவு பார்ப்பது போல விரலை மேலே கொண்டுபோனாள்.

வெயிலிலிருந்து வந்த உடம்பு. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல அது சூட்டை விட்டுக்கொண்டிருப்பதை வினோதினியால் இங்கிருந்தே உணர முடிந்தது. சுவர்க் கருவி ஒரு புள்ளி ஏறியது. பிறகு இன்னொரு புள்ளி.

அப்போது படுகைகளுக்குப் பின்னாலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், சாக்கின் விளிம்பில் மெல்லச் சாய்க்கிற சத்தம்.

ஆதிரை திரும்பினாள். "யாரு அங்க?"

சொட்டு மட்டும் மணலில் விழுந்தது. பிறகு படுகை ஆடியது. தொப்பை முதலில் வந்தது, தேவசகாயம் பின்னால் வந்தார், கையில் காலிச் சொம்போடு.

"மன்னிச்சுக்கங்க மேடம். ஒளிஞ்சுக்கினு இருக்கணும்னுதான் இருந்தேன். ஆனா நீங்க சொம்பு கொண்டாரலையே. மீட்டர் ஏறுது. எனக்கு மனசு கேக்கலை. உங்களுக்கும் சேத்து ஊத்திட்டேன்."

"அங்கிள்..." என்று உள்ளிருந்து பர்வீன் தலையில் அடித்துக்கொள்ளும் குரலில் சொன்னாள். சொன்ன பிறகுதான் தானும் ஒளிந்திருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வினோதினிக்குப் பயத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. எல்லாம் போகப் போகிறது, இதில் சிரிப்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருந்தும் வந்தது.

ஆதிரை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "தண்டைப் பாத்ததுமே தெரிஞ்சுது" என்றாள். "இவ்வளவு நீளம் ஒருத்தர் மூச்சுல வராது. நாலஞ்சு பேராவது தினமும் உக்காந்திருக்கணும். கருவிக்கு ஆள் எண்ணத் தெரியாது. காளான் எண்ணிடுது." பர்வீனைப் பார்த்தாள். "உக்காருங்க. நிக்காதீங்க."

வினோதினி உள்ளது முழுவதையும் சொன்னாள். ஆளுக்கொரு சொம்பு என்கிற கணக்கைச் சொன்னாள். காளானுக்கு மட்டும் உழைக்கிறபோது யாராக இருந்தாலும் மத்தியானத்தில் சோர்ந்துபோவதையும், தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்காக என்றால் சாக்கைக் காயவிடாததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, இதைத் தான் இதுவரை வார்த்தையாக யோசித்ததே இல்லை என்று பட்டது.

ஆதிரை நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே வியர்வை இல்லை. "மனுஷங்களுக்குக் குளிர் கொடுக்கக் கூடாதுன்னு ஏன் வெச்சாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? கொடுக்க மனசில்லாம இல்லை. யாருக்குக் கொடுக்கறதுன்னு தேர்ந்தெடுக்க முடியலை. இவங்களுக்குக் கொடுத்தா அவங்க கேப்பாங்க. காளானுக்குன்னு சொன்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

"காளான் சண்டைக்கு வராது. அது வாஸ்தவம்" என்றார் தேவசகாயம்.

"அங்கிள், கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் பர்வீன்.

"சட்டப்படி இப்பவே உங்க கரண்டை நிறுத்தணும்" என்றாள் ஆதிரை வினோதினியிடம். "ஆனா நிறுத்த எனக்கு இஷ்டமில்லை. உங்க அறையை ஒரு முன்மாதிரியா எல்லா வீட்டுக்கும் காட்டணும்னு மேல சொல்லியாச்சு. அதுக்குத்தான் நான் வந்ததே. அதனால ஒண்ணு செய்யலாம்." பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பதிவுக் கருவியை எடுத்தாள். "நீங்க இதுல ஒரே ஒரு வரி சொல்லுங்க. 'இந்த அறையை நான் ஒருத்தியாகவே பார்த்துக்கொள்கிறேன்.' அது போதும். கதவுக்கு ஒரு விரல்பூட்டு போட்டுடுவேன், உங்க விரலுக்கு மட்டும் திறக்கும். இதுவரைக்கும் நடந்ததை நான் பாக்கலை. குளிர் உங்களுக்கு நிரந்தரம்."

"இவங்க?"

"அரசாங்க நிழற்கூடம் இருக்கே."

"அங்க நிக்கத்தான் இடம்" என்றாள் பர்வீன், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

"நான் சொல்றதைப் பதிவு பண்ணி என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் வினோதினி.

"காளான் வளர்க்கற எல்லா வீட்டுக்கும் அனுப்புவோம். ஒரு பொம்பளை தனியா இவ்வளவு செய்ய முடியும்னா மத்தவங்களாலயும் முடியும்னு தெரியணும் இல்ல? அதுக்கப்புறம் எல்லாருக்கும் கரண்ட் அளவை உங்க அளவுக்குக் குறைச்சுடலாம்."

விரல்பூட்டு என்ற சொல் காதில் விழுந்தபோது தனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டதை வினோதினி கவனித்தாள். அதை மறைக்கத் தோன்றவில்லை. இனிமேல் யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, பூட்டு சொல்லிவிடும். காளான்கள் குட்டைத் தண்டும் அகலக் குடையுமாக அழகாக வளரும். ஒரு காலத்தில் அவள் கேட்டது இதைத்தானே?

அந்த ஆசையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பது போல வைத்துப் பார்த்தாள். அது பழைய செருப்பு மாதிரி இருந்தது. தன்னுடையதுதான். கால்தான் அதற்குள் போகவில்லை.

தேவசகாயம் சொம்புகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாங்க போயிடறோம்மா. கீழ மாடிப்படிக்கு அடியில நல்ல காத்து வருது. நேத்து கூடப் பாத்தேன்." மாடிப்படிக்கு அடியில் அனல்தான் வரும் என்பது கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். பர்வீனும் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். அவள் வினோதினியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் பார்வை ஒரு வேண்டுதலாகிவிடக் கூடாது என்று காளான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் சாக்கைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஆதிரை பதிவுக் கருவியை நீட்டினாள். சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. "சொல்லுங்கம்மா. ஒரு வரிதான்."

வரி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சின்ன வரிதான். முதல் கோடையில் கேட்டிருந்தால் அது நிஜமாகவும் இருந்திருக்கும். வினோதினிக்கு அந்தக் கோடையின் கை வலி ஞாபகம் வந்தது. முகம் தெரியாத ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் இந்த வரியைக் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்தாள். குறைத்த கரண்டோடு, பூட்டிய கதவுக்குள், தனியாகச் சாக்கை நனைத்து நனைத்துத் தோற்று, வேலூரில் ஒருத்திக்கு முடிகிறதே, என் கையில்தான் ஏதோ குறை என்று அவள் நினைத்துக்கொள்வாள். கரண்ட் இன்றைக்கே போனாலும் போகட்டும். காளான் போகும், குளிர் போகும். விடிகிற நேரத்துக் காற்றையும் ஈரச் சாக்கையும் யாரும் நிறுத்த முடியாது. அதற்கும் இத்தனை கைகள் வேண்டும்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பின்னால் மணலில் இரண்டு பேர் உட்காரும் சத்தம் கேட்டது. ஒருவர் மெதுவாக, ஒருவர் தொப்பென்று.

"அம்மா, விளக்கு எரியுது. பதிவாயிட்டிருக்கு" என்றாள் ஆதிரை அடிக்குரலில். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுத வேண்டியதை எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. இங்க பாத்ததை எழுதுங்க. தண்டு நீளத்தையும் எழுதுங்க, கரண்ட் கம்மியானதையும் எழுதுங்க. ரெண்டும் ஒரே இடத்துல எழுதுங்க."

"அப்படி எழுதினா மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"அந்த ஒரு வரி..."

வினோதினி குனிந்து தேவசகாயத்தின் காலடியிலிருந்த சொம்பில் ஒன்றை எடுத்தாள். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. முந்தானையால் அதன் விளிம்பைத் துடைத்தாள். அவள் கை நிதானமாக இருந்தது. மனசும் அதோடு சேர்ந்தே இருந்தது.

"அது மட்டும் என்னால சொல்ல வராதும்மா" என்றாள். "நீங்க வந்து ரொம்ப நேரமாச்சு. உங்க சூட்டுக்கு இதுவரைக்கும் அவர்தான் ஊத்தியிருக்கார். குழாய் மாடிப்படிக்குப் பக்கத்துல இருக்கு."

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் காலிச் சொம்பை ஆதிரையின் பக்கம் நீட்டினாள்.